சாலமன் பெர்சன்: பரிசு வந்தபோது இல்லாமல் போனவர்

சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேச்செடுத்தால் டொராண்டோ நகரமும் பாண்டிங், பெஸ்ட் என்ற இரண்டு பெயர்களும் தவறாமல் வந்துவிடும். 1921-22-ல் அவர்கள் இன்சுலினைப் பிரித்தெடுத்த கதை நம் பள்ளிப் பாடப் புத்தகம் வரைக்கும் வந்துவிட்டது. அந்த இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்ட பிறகு உடம்பு அதை எப்படி எதிர்கொள்கிறது, இரத்தத்தில் எவ்வளவு இன்சுலின் இருக்கிறது என்ற கேள்விகளுக்கு விடை தெரிய இன்னும் முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆயிற்று. அந்த விடையைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. மற்றவர் அதற்கு ஐந்து வருடம் முன்பே இறந்துபோனார். அவர் பெயர் சாலமன் ஆரன் பெர்சன்.

நான் டாக்டர் இல்லை. பொறியியலில் முதுகலை முடித்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதிப் பிழைக்கிறவன். எனக்கு பெர்சன் மேல் ஆர்வம் வந்தது மருத்துவத்தின் வழியாக அல்ல, அளவீட்டின் வழியாக. பெரிய இரைச்சலுக்கு நடுவே மிகச் சிறிய சமிக்ஞையைப் பிடிப்பது எப்படி என்பது எங்கள் படிப்பில் ஓயாமல் வருகிற கேள்வி. அந்தக் கேள்வியை இரத்தத்துக்குள் கொண்டுபோய் இவர்கள் தீர்த்த விதத்தைப் படித்தபோது, இந்த மனிதரின் வாழ்க்கையையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. படித்ததை என் போக்கில் சொல்கிறேன்.

மூடிய கதவுகள்

பெர்சன் பிறந்தது 1918 ஏப்ரல் 22-ஆம் தேதி, நியூயார்க் நகரத்தில். அப்பா ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து குடியேறிய யூதர். மிருகங்களின் மென்மயிர்த் தோலுக்குச் சாயம் போடும் தொழில் நடத்தினார். பையன் படிப்பில் சுட்டி. வயலின் நன்றாக வாசிப்பான், சதுரங்கத்தில் கெட்டிக்காரன். இவை இரண்டும் கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை.

1938-ல் நியூயார்க் சிட்டி காலேஜில் பட்டம் வாங்கினார். அடுத்தது மருத்துவம் என்று முடிவு செய்து இருபத்தோரு மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டார். இருபத்தொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டன. அந்தக் காலத்தில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் யூத மாணவர்களை ஓர் எண்ணிக்கைக்கு மேல் சேர்ப்பதில்லை என்ற எழுதாத சட்டம் இருந்ததை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேறொருவராக இருந்தால் அப்பாவின் சாயத் தொழிலுக்குப் போயிருப்பார். பெர்சன் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்து 1939-ல் முடித்தார். பிறகு அங்கேயே பல் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுத்தார். கதவுக்கு வெளியே நின்றுகொண்டே இரண்டு வருடம் ஓட்டி, 1941-ல் அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்துவிட்டார். 1942-ல் மிரியம் கிட்டில்சனைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு பெண் குழந்தைகள். 1945-ல் டாக்டர் பட்டம், பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஒரு வருடப் பயிற்சி, பிறகு இரண்டு வருடம் ராணுவ மருத்துவப் பணி. 1948-ல் நியூயார்க் திரும்பி, பிராங்ஸில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் சேர்ந்தார்.

துப்புரவு அறையில் ஓர் ஆய்வகம்

அதே மருத்துவமனையில் அப்போது இன்னொருவர் இருந்தார். ரோசலின் யாலோ. இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய பெண்மணி. பிராங்ஸிலேயே பிறந்து வளர்ந்தவர். 1941-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியில் ஆசிரியர், பயிற்சியாளர் என்று இருந்த ஏறக்குறைய நானூறு பேரில் ஒரே பெண் அவர்தான். உலகப் போரில் ஆண்கள் எல்லாம் போய்விட்டதால் தனக்கு அந்த இடம் கிடைத்தது என்பதைப் பின்னாளில் அவர் மறைத்ததே இல்லை.

1947-ல் பகுதி நேர வேலையாகப் பிராங்ஸ் மருத்துவமனைக்கு வந்த யாலோ, துப்புரவுத் தொழிலாளி வாளியும் துடைப்பமும் வைக்கும் சிற்றறையைக் கதிரியக்க ஐசோடோப் ஆய்வகமாக மாற்றினார். கடையில் வாங்கக் கருவிகள் கிடைக்காததால் பலவற்றைத் தானே வடிவமைத்துக்கொண்டார். அவருக்கு இயற்பியல் தெரியும், நோயாளிகளைத் தெரியாது. மருத்துவம் தெரிந்த கூட்டாளி ஒருவர் வேண்டும் என்று அங்கே தலைமை மருத்துவராக இருந்த பெர்னார்ட் ஸ்ட்ராஸிடம் கேட்டார். ஸ்ட்ராஸ் பெர்சனின் பெயரைச் சொன்னார்.

1950-ல் தொடங்கிய அந்தக் கூட்டு இருபத்திரண்டு வருடம் நீடித்தது. இரண்டு பேருக்குமே டாக்டர் பட்டத்துக்குப் பிறகு ஆராய்ச்சியில் சிறப்புப் பயிற்சி எதுவும் கிடைத்ததில்லை. பெர்சன் யாலோவுக்கு உடலியலும் மருத்துவமும் கற்றுக்கொடுத்தார். யாலோ பெர்சனுக்கு இயற்பியல் கற்றுக்கொடுத்தார். ஒருவர் எழுதியதை மற்றவர் ஈவிரக்கம் இல்லாமல் கிழித்துப்போடுவார். மென்பொருள் உலகத்தில் இப்போது இருவர் ஒரே திரைக்கு முன்னால் உட்கார்ந்து சேர்ந்து நிரல் எழுதும் வழக்கம் இருக்கிறது. அது ஒழுங்காக நடக்க வேண்டும் என்றால் இரண்டு பேருக்கும் தோல் தடிமனாக இருக்க வேண்டும், உள்ளுக்குள் மரியாதையும் இருக்க வேண்டும். இவர்களிடம் இரண்டுமே இருந்தன.

ஆரம்பத்தில் கதிரியக்க அயோடினைக் கொண்டு தைராய்டு வேலை செய்யும் வேகத்தை அளந்தார்கள். பிறகு இரத்தத்தில் ஓடும் ஆல்புமின் புரதத்தின் மேல் அதே அயோடினை அடையாளமாக ஒட்டி, அது எவ்வளவு நேரம் உடம்பில் தங்குகிறது என்று பார்த்தார்கள். அடுத்துக் கைக்கு வந்தது இன்சுலின்.

தவறான கேள்வி, சரியான விடை

1952-ல் ஆர்தர் மிர்ஸ்கி என்ற ஆய்வாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். நடுவயதுக்கு மேல் வரும் சர்க்கரை வியாதியில் கணையம் இன்சுலினைச் சுரக்காமல் இல்லை, சுரந்த இன்சுலினைக் கல்லீரலில் இருக்கும் நொதி ஒன்று மிதமிஞ்சிய வேகத்தில் அழித்துவிடுகிறது என்பது அவர் ஊகம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. சோதித்துப் பார்க்கப் பெர்சனிடமும் யாலோவிடமும் கருவி இருந்தது. இன்சுலின் மேல் கதிரியக்க அயோடின்-131-ஐ ஒட்டி நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். நேரம் ஆக ஆக இரத்தத்தில் அது எவ்வளவு மிஞ்சுகிறது என்று எண்ண வேண்டும். மிர்ஸ்கி சொன்னது சரி என்றால் சர்க்கரை வியாதிக்காரர் உடம்பில் அது சீக்கிரம் மறைய வேண்டும்.

நடந்தது நேர்மாறு. நோயாளிகள் பலரின் இரத்தத்தில் அடையாளமிட்ட இன்சுலின் மற்றவர்களைவிட அதிக நேரம் தங்கியது. போகவே மாட்டேன் என்று அடம் பிடித்தது.

இங்கேதான் பெர்சனின் மருத்துவ மூளை தெரிகிறது. இது நோயின் விளைவா, மருந்தின் விளைவா? பிரித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. சர்க்கரை வியாதி இருந்தும் இன்சுலின் ஊசியே போட்டுக்கொள்ளாதவர்களைச் சோதித்தார்கள். அவர்கள் உடம்பில் இன்சுலின் சாதாரண வேகத்தில்தான் மறைந்தது. அடுத்து, சர்க்கரை வியாதியே இல்லாமல் இன்சுலின் போட்டுக்கொண்டவர்கள் வேண்டும். அப்படி யார் இருப்பார்கள்? அந்தக் காலத்தில் இருந்தார்கள். மனச்சிதைவு நோயாளிகளுக்கு இன்சுலினை அதிகமாக ஏற்றி மயக்க நிலைக்குக் கொண்டுபோகும் ஒரு சிகிச்சை அன்று வழக்கத்தில் இருந்தது. பின்னாளில் கைவிடப்பட்ட கொடிய சிகிச்சை அது. அந்த நோயாளிகளின் இரத்தத்தில் இன்சுலின் தங்கியது.

ஆக நோய்க்குச் சம்பந்தம் இல்லை. ஊசி போட்டதுதான் காரணம். சில வாரங்கள் மாட்டு இன்சுலினோ பன்றி இன்சுலினோ ஏற்றிக்கொண்ட உடம்பு, அதை வெளியாள் என்று அடையாளம் கண்டு எதிர்ப்பொருளை (ஆன்டிபாடியை) உண்டாக்கியிருக்கிறது. அந்த எதிர்ப்பொருள் இன்சுலினைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. கட்டுண்ட இன்சுலினால் திசுக்களுக்குள் போய் வேலை செய்ய முடிவதில்லை, அழியவும் முடிவதில்லை, இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

அன்றைய முறைகளால் அந்த எதிர்ப்பொருளைக் கண்ணுக்குத் தெரியும்படி வீழ்படிவாக்க முடியவில்லை. அதனால் ஈரக் காகிதத்தில் மின்சாரம் பாய்ச்சிப் புரதங்களைப் பிரிக்கும் முறையைக் கையாண்டார்கள். தனித்த இன்சுலின் காகிதத்தில் புறப்பட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. எதிர்ப்பொருளோடு சேர்ந்த இன்சுலினோ அதோடு கூடவே நகர்ந்து போனது. கதிரியக்கத்தை எண்ணும் கருவி இரண்டு இடத்திலும் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிட்டது.

ஒரு சொல்லுக்காக நடந்த சண்டை

1955-ல் இதை எழுதி சயன்ஸ் இதழுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தது. ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் இன்வெஸ்டிகேஷன் இதழுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் முதலில் ஏற்கவில்லை. இன்சுலின் ஐம்பத்தோரு அமினோ அமிலம் கொண்ட சின்னஞ்சிறு புரதம். அத்தனை சிறிய மூலக்கூறுக்கு எதிராக உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்காது என்பது அன்றைய நோயெதிர்ப்பியல் நிபுணர்களின் உறுதியான நம்பிக்கை. வந்திருக்கும் இரண்டு பேரில் ஒருவர் பொது மருத்துவர், மற்றவர் இயற்பியல்காரப் பெண்மணி. துறைக்கு வெளியாட்கள். எப்படி ஒத்துக்கொள்வார்கள்?

பெர்சனும் யாலோவும் பாடப் புத்தகத்தைத் திறந்தார்கள். எதிர்ப்பொருள் என்றால் என்ன என்று அதில் கொடுத்திருக்கும் இலக்கணத்தை எடுத்துக்கொண்டு, தங்கள் இரத்தப் புரதம் அந்த இலக்கணத்துக்கு ஒவ்வொரு வரியாக எப்படிப் பொருந்துகிறது என்று காட்டினார்கள். கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. கட்டுரையின் தலைப்பில் எதிர்ப்பொருள் என்ற சொல் வரக்கூடாது. இன்சுலினைப் பிணைக்கும் குளோபுலின் என்று போட்டுக்கொள்ளலாம். அப்படித்தான் 1956-ல் கட்டுரை வெளிவந்தது. ஆசிரியர்கள் ஐந்து பேர், முதல் பெயர் பெர்சன்.

அந்த நிராகரிப்புக் கடிதத்தை யாலோ பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். இருபது வருடம் கழித்து ஸ்டாக்ஹோமில் நோபெல் சொற்பொழிவு ஆற்றியபோது அதையும் சேர்த்துக்கொண்டார். ஆராய்ச்சிக் கட்டுரை திரும்பி வந்த வருத்தத்தில் இருக்கும் மாணவர்கள் இந்தச் சம்பவத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். சமரசத்தின் அளவையும் கவனிக்க வேண்டும். தலைப்பில் ஒரு சொல்லை விட்டுக்கொடுத்தார்கள், உள்ளே இருந்த முடிவை விட்டுக்கொடுக்கவில்லை.

தொல்லையே கருவியாக

நிரல் எழுதுகிற எங்களிடையே ஒரு பழைய கிண்டல் உண்டு. சரிசெய்ய முடியாத வழுவைக் கண்டால் அதையே ஒரு வசதி என்று சொல்லி விற்றுவிடலாம் என்பார்கள். பெர்சனும் யாலோவும் அதை நிஜமாகவே செய்தார்கள். இன்சுலினைக் கட்டிப் பிடிக்கும் எதிர்ப்பொருள் நோயாளிக்குத் தொல்லை. அந்தத் தொல்லையை வைத்தே இன்சுலினை அளக்கலாம் என்று அவர்களுக்குப் பட்டது.

எப்படி என்பதற்கு நம் ஊர்க் கல்யாணப் பந்தியை எடுத்துக்கொள்வோம். பந்தியில் நூறு இலை போட்டிருக்கிறது. சிவப்புச் சட்டைக்காரர்கள் நூறு பேர் வருகிறார்கள். எல்லாருக்கும் இலை கிடைத்துவிடும். இப்போது வெள்ளைச் சட்டைக்காரர்களும் அவர்களோடு கலந்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை பேர் என்று தெரியாது. யாருக்கும் முன்னுரிமை கிடையாது, முண்டியடித்து யார் வேண்டுமானாலும் உட்காரலாம். பந்தி நிறைந்த பிறகு உட்கார்ந்திருக்கும் சிவப்புச் சட்டைகளை மட்டும் எண்ணுகிறேன். ஐம்பது இருந்தால் வெள்ளைச் சட்டைக்காரர்கள் சுமார் நூறு பேர் வந்திருக்கிறார்கள். இருபத்தைந்துதான் இருக்கிறது என்றால் சுமார் முந்நூறு பேர். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரைக்கூட நான் எண்ணவில்லை. ஆனாலும் எத்தனை பேர் என்று சொல்லிவிட்டேன்.

இலைகள்தான் எதிர்ப்பொருள். சிவப்புச் சட்டை, அயோடின் ஒட்டிய இன்சுலின். வெள்ளைச் சட்டை, நோயாளியின் இரத்தத்தில் இருக்கும் அவருடைய சொந்த இன்சுலின். அளவு தெரிந்த இன்சுலினைக் கலந்து முதலில் ஓர் அளவுகோல் வரைந்துகொண்டால், அளவு தெரியாத இரத்தத்தை அந்தக் கோட்டில் பொருத்தி விடை கண்டுவிடலாம். கதிரியக்கப் பொருள் எதையும் நோயாளியின் உடம்புக்குள் செலுத்த வேண்டியதில்லை. எல்லாம் சோதனைக் குழாய்க்குள்ளேயே முடிந்துவிடும்.

சொல்வது சுலபம். நடைமுறைக்கு வர மேலும் சில வருடங்கள் ஆயிற்று. மாட்டு இன்சுலினுக்கு எதிராக மனித உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள் மனித இன்சுலினைப் போதுமான பலத்தோடு பிடிக்கவில்லை. கினிப் பன்றிக்கு மாட்டு இன்சுலினை ஏற்றிப் பெற்ற எதிர்ப்பொருள் மனித இன்சுலினையும் கெட்டியாகப் பிடித்தது. 1959-ல் நேச்சர் இதழில் ஒரு குறிப்பும், 1960-ல் ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் இன்வெஸ்டிகேஷனில் முழுக் கட்டுரையும் வந்தன. முன்பு நிராகரித்த அதே இதழ்தான். ரேடியோ இம்யூனோ அஸே என்ற கதிரியக்க எதிர்ப்பொருள் அளவீட்டு முறை இப்படிப் பிறந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் லண்டனில் ராஜர் எக்கின்ஸ் என்பவர் தைராக்ஸினை அளக்க இதே தத்துவத்தைத் தனியாகக் கண்டுபிடித்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எவ்வளவு நுட்பமான அளவீடு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெறும் வயிற்றில் ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் இருக்கும் இன்சுலின் ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே ஒரு லிட்டரில் மற்ற புரதங்கள் எழுபது கிராம் அளவுக்கு இருக்கின்றன. அதாவது ஏறத்தாழ இருபது கோடியில் ஒரு பங்கைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதுவரை எலியின் உதரவிதானத் தசையைச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து, அது எவ்வளவு சர்க்கரையை உறிஞ்சுகிறது என்று பார்த்து இன்சுலினை ஊகித்துக்கொண்டிருந்தார்கள்.

அளக்கத் தொடங்கியதும் வந்த முதல் செய்தியே அதிர்ச்சியானது. நடுவயதில் சர்க்கரை வியாதி கண்ட பலரின் இரத்தத்தில் இன்சுலின் குறைவாக இல்லை. குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்துப் பார்த்தால் சற்றுத் தாமதமாக, ஆனால் நிறையவே சுரந்தது. இன்சுலின் இருக்கிறது, உடம்புதான் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. இன்று டைப் 2 என்று நாம் சொல்லும் வியாதியில் இன்சுலின் எதிர்ப்பு என்று டாக்டர் விளக்குகிறாரே, அதற்கான எண்கள் முதன்முதலில் கிடைத்தது இங்கிருந்துதான்.

எதிர்ப்பொருள் உள்ள நோயாளிக்கு என்ன வழி?

பெரும்பாலானவர்களுக்கு இந்த எதிர்ப்பொருளால் பெரிய கெடுதல் கிடையாது. கொஞ்ச இன்சுலினை அது பிடித்து வைத்துக்கொள்ளும், மெல்ல விடுவிக்கும், அவ்வளவுதான். சிலருக்கு மட்டும் நிலைமை கைமீறியது. ஒரு நாளைக்கு 200 யூனிட்டுக்கு மேல் ஏற்றியும் சர்க்கரை இறங்காமல் தவித்தார்கள். பெர்சனின் கண்டுபிடிப்புக்கு முன்னால் அவர்களுக்கு என்ன ஆகிறது என்றே தெரியவில்லை. தெரிந்த பிறகு வழி தேட முடிந்தது.

மாட்டு இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து மூன்று அமினோ அமிலங்களில் வேறுபடுகிறது. பன்றி இன்சுலின் ஒன்றில் மட்டும். ஆகவே மாட்டிலிருந்து பன்றிக்கு மாற்றிப் பார்த்தார்கள். எதிர்ப்பொருள் உற்பத்தியை அடக்க ஸ்டீராய்டு கொடுத்தார்கள். எதிர்ப்பொருளின் பிடியில் எளிதில் சிக்காதபடி இன்சுலின் மூலக்கூறில் சல்ஃபேட்டை ஏற்றிய மருந்தையும் பயன்படுத்தினார்கள். 1970-களில் இன்சுலினை மேலும் மேலும் தூய்மைப்படுத்தியதால் தொல்லை வெகுவாகக் குறைந்தது. 1982-ல் பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எதிர்ப்பொருள் அதற்குப் பிறகும் உண்டாகத்தான் செய்கிறது, ஆனால் அதனால் அவதிப்படுபவர்கள் அரிது.

இன்சுலினையே உடம்பு மதிக்காத மிக அரிதான நிலைகளில் அதன் ஒன்றுவிட்ட சகோதரனான ஐ.ஜி.எஃப்-1 என்ற வேறு ஹார்மோனையும் முயன்றிருக்கிறார்கள். உருவத்தில் இன்சுலினை ஒத்திருந்தாலும் அதற்கென்று தனி ஏற்பி இருக்கிறது. ஒரு வாசல் அடைபட்டால் பக்கத்து வாசலைத் தட்டுவது போல. இன்சுலினுக்கு மசியாத கீட்டோ அமில நிலையில் இருந்த ஒரு பதின்வயது நோயாளிக்கு இதைக் கொடுத்த அனுபவம் 1992-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. ஆனால் சர்க்கரை வியாதிக்கான வழக்கமான மருந்தாக அது வளரவில்லை.

ஊசியே போடாதவர்களுக்கும் இந்த எதிர்ப்பொருள் வரலாம் என்பது இந்தக் கதையின் அடுத்த திருப்பம். 1970-ல் ஜப்பானில் ஹிராட்டா என்ற மருத்துவர் அப்படி ஒரு நிலையை விவரித்தார். அங்கே எதிர்ப்பொருள் இன்சுலினைச் சேர்த்து வைத்துக்கொண்டு வேண்டாத நேரத்தில் அவிழ்த்துவிடுவதால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துபோகும். 1983-ல் பால்மர் குழுவினர், டைப் 1 நோய் கண்ட சிலருக்கு இன்சுலின் தொடங்குவதற்கு முன்பே எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டினார்கள். இப்போது குடும்பத்தில் டைப் 1 உள்ள பிள்ளைகளுக்கு இது போன்ற எதிர்ப்பொருள்களைச் சோதித்து, நோய் வருவதற்குப் பல வருடம் முன்பே எச்சரிக்க முடிகிறது. அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு நோயைத் தள்ளிப்போட டெப்லிஸுமாப் என்ற மருந்து 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. 1955-ல் பத்திரிகை ஆசிரியர்கள் நம்ப மறுத்த அதே பொருள்தான் இன்று முன்னறிவிப்பு மணியாக அடிக்கிறது.

உலகத்துக்கே கொடுத்தது

பெர்சனும் யாலோவும் தங்கள் முறைக்குக் காப்புரிமை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கோடீஸ்வரர்களாகியிருக்கலாம். அதற்குப் பதிலாக, கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். பிராங்ஸ் ஆய்வகம் ஒரு குருகுலம் போல ஆயிற்று. வளர்ச்சி ஹார்மோன், பாராதைராய்டு ஹார்மோன், காஸ்ட்ரின் என்று ஒவ்வொன்றாக அளவுக்குள் வந்தன. 1970-ல் ஜான் வால்ஷோடு சேர்ந்து மஞ்சள் காமாலை பி வைரஸின் மேற்பரப்புப் பொருளையும் இதே முறையில் இரத்தத்தில் கண்டுபிடித்துக் காட்டினார்கள். தான இரத்தத்தைச் சோதிக்க அது பெரிய உதவி. 1970-களில் கனடாவின் க்யூபெக்கில் ஜான் டுஸோ, பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த ஒரு துளி இரத்தத்திலேயே தைராய்டுக் குறையைக் கண்டறியும் திட்டத்தைத் தொடங்கினார். கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சி குன்றியிருக்கும் எத்தனையோ குழந்தைகள் அப்படிக் காப்பாற்றப்பட்டார்கள். அதற்கும் வேர் இங்கேதான்.

இன்று பெரும்பாலான பரிசோதனைக் கூடங்களில் கதிரியக்கத்துக்குப் பதில் நொதியையோ ஒளிரும் வேதிப்பொருளையோ அடையாளமாக ஒட்டுகிறார்கள். சிவப்புச் சட்டைக்குப் பதில் மின்மினிச் சட்டை, அவ்வளவுதான். எதிர்ப்பொருளைக் கொண்டு அளப்பது என்ற அடிப்படை மாறவில்லை. உங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் டி.எஸ்.எச். என்று எழுதிய ஒரு ரிப்போர்ட் கட்டாயம் கிடக்கும். அடுத்த தடவை அதைப் பார்க்கும்போது இந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அட்லாண்டிக் சிட்டி, ஏப்ரல் 1972

1968-ல் பெர்சன் புதிதாகத் தொடங்கிய மவுண்ட் சைனாய் மருத்துவப் பள்ளியில் மருத்துவத் துறைத் தலைவராகப் போனார். இருபத்தோரு கல்லூரிகள் வாசலிலேயே திருப்பியனுப்பிய மனிதருக்கு இது எவ்வளவு பெரிய இடம்! நிர்வாகம், மாணவர்கள், நோயாளிகள் என்று பகல் முழுதும் போய்விடும். ஆனாலும் பிராங்ஸ் ஆய்வகத்தோடு இருந்த தொடர்பை அவர் அறுத்துக்கொள்ளவில்லை. யாலோவோடு சேர்ந்து ஆராய்ச்சி தொடர்ந்தது. 1971-ல் இருவருக்கும் சேர்த்துக் கனடாவின் கெய்ர்ட்னர் பரிசு கிடைத்தது. நோபெல் வருவது காலத்தைப் பொறுத்த விஷயம் என்று துறையில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

அந்தக் காலம்தான் பெர்சனிடம் இல்லை. 1972 மார்ச்சில் அவருக்கு லேசான பக்கவாதம் வந்தது. ஏப்ரல் 11-ஆம் தேதி அட்லாண்டிக் சிட்டியில் ஒரு அறிவியல் மாநாட்டுக்குப் போயிருந்த இடத்தில் மாரடைப்பால் இறந்தார். ஐம்பத்து நான்காவது பிறந்த நாளுக்குப் பதினோரு நாள் இருந்தது.

யாலோவுக்கு அது இரட்டை இடி. கூட்டாளி போனார் என்பது ஒன்று. மூளை பெர்சனுடையது, கை மட்டும்தான் யாலோவுடையது என்று ஊர் முணுமுணுத்தது இன்னொன்று. மருத்துவப் பட்டமில்லாத தன்னை யார் மதிப்பார்கள் என்று ஐம்பது வயதில் மருத்துவக் கல்லூரியில் சேரலாமா என்றுகூட யோசித்தார். பிறகு அந்த யோசனையை விட்டுவிட்டு வேலையில் இறங்கினார். தன் ஆய்வகத்துக்குச் சாலமன் பெர்சன் ஆராய்ச்சிக்கூடம் என்று பெயர் வைக்கச் செய்தார். இனித் தான் வெளியிடும் ஒவ்வொரு கட்டுரையிலும் முகவரியாகவாவது அவர் பெயர் இருக்க வேண்டும் என்பது எண்ணம். ஆசிரியர் வரிசையில் இடம் இல்லாமல் போனவருக்கு முகவரி வரிசையில் இடம் கொடுத்தார்.

1976-ல் லாஸ்கர் பரிசு. 1977-ல் நோபெல் பரிசில் பாதி யாலோவுக்கு. மறுபாதியை மூளை ஹார்மோன்களை ஆராய்ந்த கிய்மனும் ஷாலியும் பகிர்ந்துகொண்டார்கள். மருத்துவத்துக்கான நோபெல் வாங்கிய இரண்டாவது பெண் யாலோ. முதலாமவர் கெர்ட்டி கோரி, 1947-ல். இறந்தவர்களுக்கு நோபெல் கொடுப்பதில்லை என்ற விதிப்படி பெர்சன் பெயர் பட்டியலில் இல்லை. யாலோ 2011 மே 30-ஆம் தேதி, தான் பிறந்த அதே பிராங்ஸில் காலமானார்.

பரிசு யாருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்று இன்றைக்கும் சிலர் கணக்குப் போடுவதுண்டு. எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. இரண்டு பேர் சேர்ந்து எழுதிய நிரலில் எந்த வரி யாருடையது என்று கேட்டால், நன்றாக ஓடும் நிரலாக இருந்தால் இருவருக்குமே தெரியாது. பெர்சன் இல்லாமல் யாலோவுக்கு நோயாளியின் கேள்வி கிடைத்திருக்காது. யாலோ இல்லாமல் பெர்சனுக்கு அளக்கும் கருவி கிடைத்திருக்காது. பரிசுப் பட்டியல் ஒரு விதியின்படி எழுதப்படுகிறது. விதி சரியாகவே இருக்கலாம், பட்டியல் முழுமையாக இருந்துவிடாது. அதில் விட்டுப்போன பெயர்களைத் தேடிப் படித்து நாலு பேருக்குச் சொல்வது வாசகர்களான நம் வேலை.